ஏழைக்குத் தவணை இல்லை

கடவுளுக்கு நேர்ந்துகொண்டால் அதைச் செலுத்தத் தாமதிக்காதே என்கிறது யூதர்களின் தோரா. உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை இது. நேர்ந்துகொள்ளாமல் இருப்பது குற்றமில்லை என்றும் அதே இடத்தில் இருக்கிறது. வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது கடன். இன்றும் பக்தியுள்ள யூதர்கள் ஒரு காரியத்தைச் செய்வதாகச் சொல்லும்போது 'பிலி நெதெர்' என்று சேர்த்துக்கொள்வார்கள். 'இது நேர்ச்சை அல்ல' என்று பொருள். வாக்கின் மேல் அவ்வளவு பயம்.

சரி, தாமதம் என்றால் எத்தனை நாள்?

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் 'ரோஷ் ஹஷானா' பகுதியில் அறிஞர்கள் இதைப் பற்றி நீளமாக வாதிடுகிறார்கள். நேர்ந்துகொண்ட பலியை அன்று செலுத்த வேண்டிய இடம் எருசலேம் ஆலயம். கலிலேயாவில் இருக்கும் விவசாயி ஓர் ஆட்டை நேர்ந்துகொண்டால், மறுநாளே ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. பல நாள் நடை. ஆனால் பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை என்று வருடத்தில் மூன்று முறை எப்படியும் அவர் எருசலேம் போக வேண்டும். அதனால் பண்டிகைகளே கெடுவாயின. முதலில் வரும் பண்டிகையிலேயே கொடுத்துவிட வேண்டும். மூன்று பண்டிகைகள் கடந்தும் கொடுக்காவிட்டால் கட்டளையை மீறியவர் ஆகிறார். ஒரே பண்டிகை போதும் என்றார் ரபி மெயிர். ரபி சிமியோனோ பஸ்காவில் தொடங்கி வரிசையாக மூன்றும் கழிய வேண்டும் என்றார். அவர் கணக்குப்படி, பஸ்கா முடிந்த கையோடு நேர்ந்துகொண்டவருக்கு ஐந்து பண்டிகைகள், ஏறக்குறைய ஒன்றரை வருடம், அவகாசம் கிடைக்கும்.

தர்மத்துக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஏழைக்குத் தருவதாகச் சொன்னவர் உடனே தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவர் 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த அறிஞர் ராவா. அவர் சொன்ன காரணம் மிகச் சின்னது: ஏழைகள்தான் பக்கத்திலேயே இருக்கிறார்களே!

கடவுள் காத்திருப்பார், பசித்தவர் காத்திருக்க மாட்டார் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. ஆனால் ராவா உருக்கமாக எதுவும் பேசவில்லை. ஆலயம் தூரம், ஏழை அருகில். தூரத்துக்குத்தான் தவணை.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடஸ் தம் சட்டத் தொகுப்பில் ராவாவின் தீர்ப்பையே உறுதிசெய்தார். அருகில் ஏழை யாரும் இல்லாவிட்டால்? அப்போதும் பணத்தை வைத்துப் புழங்கக் கூடாது. தனியாக எடுத்து வைத்து, ஏழையைக் காணும்வரை காக்க வேண்டும்.

ராவாவின் காலத்துக்கு முன்பே, பொது ஆண்டு 70இல், ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலி நின்றது, மூன்று பண்டிகைத் தவணைக்கும் வேலை இல்லாமல் போனது. ஏழைக்குச் சொன்னதை உடனே கொடு என்ற சட்டம் மட்டும் இன்றுவரை நடப்பில் இருக்கிறது.