ஃப்ரீயும் லொக்கும்

மணற்காட்டு மணலில் என் பழைய ஹைலக்ஸ் புதைந்த அன்றுதான் முன்சக்கரங்களுக்குக் கையால் பூட்டும் ஹப் போடுவதென்று முடிவெடுத்தேன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஆள்விட்டு எடுப்பித்த முதற் சோடி சரிவரவில்லை. கராஜ் அண்ணை அச்சின் பல்லுள்ள நுனியைத் துணியால் துடைத்துக் காட்டினார்.

"தம்பி, பல்லை எண்ணிப்போட்டெல்லோ வாங்கவேணும்?"

என் பிழைதான். ஆணித்துளை ஆறும் பொருந்தியதில் மயங்கிவிட்டேன்.

இரண்டாம் சோடி அச்சொட்டாக இருந்தது. ஹப்பின் குமிழை ஃப்ரீயில் விட்டால் சக்கரம் தன்பாட்டில் உருளும், அச்சு சும்மா கிடக்கும். தார் ரோட்டில் அது சுகம், டீசலும் கொஞ்சம் மிச்சம். மணலில் அந்த விடுதலை எதற்கு? எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் முன்சக்கரத்துக்கு ஒன்றும் வந்துசேராது.

சமயம் சொல்லும் விடுதலையான வீடுபேறு என்றாலும் கட்டறுதல் என்றுதான் சின்னனில் விளங்கி வைத்திருந்தேன். சைவ சித்தாந்தம் அதோடு நிற்பதில்லை. பாசம் நீங்கிய உயிர் திருவடியோடு கூடவும் வேண்டும். அதற்கு உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் காட்டும் உவமை 'தாடலை'. தாளும் தலையும் புணர்ந்து ஒரு சொல்லாகின்றன. இரண்டில் ஒன்றும் அழிவதில்லை. குமிழ் லொக்கில் இருக்கையில் அச்சும் சக்கரமும் அப்படித்தான் சுழல்கின்றன. (உவமை முழுதும் ஒட்டாது. இங்கே பூட்டுவது நான், அங்கே அருள்.)

வல்லிபுர ஆழ்வார் கோயிலடி மணலில் இறங்கிக் குனிந்து குமிழைத் திருப்ப முழங்கால் நோகிறது. ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டு மற்றதை மறந்தும் இருக்கிறேன்.