வகுப்பறையில் குழப்படிக்கு உள்ள இடம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் திசையில் கிடப்பதால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பரப்பில், வயலும் காடும் பெருங்குளமுமாக விரியும் உன்னிச்சை போன்ற ஊர்களில், பிள்ளைகளின் சேட்டையைக் 'குழப்படி' என்பர். தன் பிள்ளையைக் குழப்படிகாரன் என்று அயலவரிடம் சொல்லும் தாயின் குரலில் முறைப்பாடும் பெருமிதமும் சேர்ந்தே ஒலிக்கும். அதே பிள்ளை பாடசாலை வாயிலைக் கடந்ததும் முறைப்பாடு மட்டுமே எஞ்சிவிடுகிறது. முற்றத்திலும் வயல்வரம்பிலும் உயிர்ப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுவது வகுப்பறையில் ஏன் குற்றமாகிறது என்பதும், தன்னைப் பார்த்துச் சிறியவர் சிரிப்பதை அதிகாரம் கையிலுள்ள ஒருவர் எவ்வளவு தூரம் தாங்கிக்கொள்ள முடியும் என்பதும், ஆசிரியர், பெற்றோர், ஊர்ப்பெரியவர் என யாவரும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் முகங்கொடுத்தாக வேண்டிய கேள்விகள்.

இக்கேள்விகளை ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் வைத்துக் காட்டிய படம் ஒன்று 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியானது. 'டீச்சர்ஸ் பெட்', அதாவது ஆசிரியையின் செல்லப்பிள்ளை, என்பது அதன் பெயர். தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922இல் தொடங்கி, 1944வரை இருநூற்றுக்கு மேற்பட்ட குறும்படங்களாக நீண்ட 'அவர் கேங்' தொடரில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் தொலைக்காட்சி வழியாக 'லிட்டில் ராஸ்கல்ஸ்' என்ற பெயரில் உலகின் பல பாகங்களுக்கும் அத்தொடர் சென்றது. மிகையாக ஒப்பனை செய்து, நன்றாகப் பழக்கி அழைத்துவரப்பட்ட சிறுமி ஒருத்தியின் நடிப்பைப் பார்த்துச் சலித்துப்போன ரோச், தம் அறையின் யன்னல் வழியே மரத்துண்டுகளுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த சிறுவர்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து இத்தொடருக்கான எண்ணம் பிறந்தது என்பர். பழக்கப்பட்ட பிள்ளையைவிடப் பழக்கப்படாத பிள்ளையே பார்க்கத் தக்கது என்ற இந்தக் கண்டுபிடிப்பு, திரைப்பட வரலாற்றில் அடைந்த மதிப்பைக் கல்வி வரலாற்றில் இன்னும் அடையவில்லை.

ரொபேர்ட் மெக்கோவன் இயக்கிய அப்படத்தில், அன்புக்குரிய பழைய ஆசிரியை திருமணமாகிப் போய்விட, கிராப்ட்ரீ என்ற கடுகடுப்பான பெயருடைய புதியவர் வரவிருப்பதை அறிந்து ஜாக்கி என்னும் சிறுவனும் தோழர்களும் சதி செய்கின்றனர். வெள்ளை எலி, சிவப்பு எறும்பு, தும்மல் பொடி ஆகியவை ஆயத்தமாகின்றன. அவற்றுக்குப் பிறகு, வீட்டில் அழைக்கிறார்கள் என்று ஆள் வரச் செய்து, வகுப்பிலிருந்து நழுவி நீந்தப் போவதே ஏற்பாடு. பாடசாலைக்குச் செல்லும் வழியில் தன்னை வண்டியில் ஏற்றிக்கொண்ட அழகிய இளம்பெண்ணிடம் ஜாக்கி இத்திட்டம் முழுவதையும் வெள்ளந்தியாக ஒப்புவிக்கிறான். அந்தப் பெண்தான் புதிய ஆசிரியை. அவர் கோபிக்கவில்லை, தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. வகுப்பு தொடங்கியதும் எல்லோருக்கும் ஐஸ்கிரீமும் கேக்கும் காத்திருப்பது தெரியவருகிறது. முன்னேற்பாட்டின்படி அழைப்பு வந்து சேர, வீட்டில் தேடுகிறார்கள் அல்லவா, போய் வாருங்கள் என்று சதிகாரர்களை ஆசிரியை அனுப்பிவைக்கிறார். விரும்பியது அப்படியே கைகூடிய கணத்தில் அந்த விருப்பம் எவ்வளவு வெறுமையானது என்று அப்பிள்ளைகள் காண்கின்றனர். வெட்கம் தாளாமல் வெளியே அழுதுகொண்டிருக்கும் ஜாக்கியிடம் அவனுக்குரிய பங்கை ஆசிரியையே எடுத்து வருகிறார்.

இதில் தண்டனையே இல்லை என்று சொல்வது படத்தை இலேசாக எடுத்துக்கொள்வதாகும். கண்முன் இருக்கும் விருந்தை இழக்கச் செய்வது பிள்ளைக்குக் கடுமையான தண்டனைதான். எனினும் அது குழப்படியின் அளவைத் தாண்டவில்லை. பிள்ளைகள் ஒரு நாடகம் ஆடினர், ஆசிரியை அதே நாடகத்துக்குள் நுழைந்து தம் பங்கை அவர்களைவிடத் திறமையாக ஆடினார். எலியையும் எறும்பையும் தம் மதிப்பின் மீது விழுந்த தாக்குதலாக அவர் கருதியிருந்தால் கை பிரம்பை நோக்கிப் போயிருக்கும். தம்மைக் காணுமுன்பே பிள்ளைகள் வெறுத்தது தம்மையன்று, தமக்கு முன்னர் அவர்கள் கண்டிருந்த அதிகாரத்தின் முகத்தையே என்று விளங்கிக்கொண்டமையால், அந்த முகத்தை மாற்றிக் காட்டும் வேலை அவருக்கு எஞ்சியது. தோற்ற பிள்ளையைத் தோல்வியிலேயே விட்டுவிடாமல் மரநிழலுக்குத் தேடிச் சென்றதுதான் அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது.

திரைக்குள் இத்தகைய கருணையைப் பெற்ற ஜாக்கி கூப்பர், அடுத்த ஆண்டு திரைக்குப் பின்னால் வேறொன்றைப் பெற்றான். 1931இல் வெளியான 'ஸ்கிப்பி' படத்துக்காக அவனை அழவைக்க விரும்பிய இயக்குநரும் அச்சிறுவனின் உறவினருமான நோர்மன் டாரோக், அவனுடைய நாயைச் சுட்டுவிட்டதாக நம்பவைத்தே அந்தக் கண்ணீரைப் பெற்றார். டாரோக்குக்குச் சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. ஒன்பது வயதுச் சிறுவனின் பெயரும் சிறந்த நடிகருக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து 1981இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, நாயைச் சுட்டுவிடாதீர்கள் என்ற கெஞ்சலையே கூப்பர் அதற்குத் தலைப்பாக வைத்தார். பெரியவர் வேண்டிய விளைவு கிடைத்துவிட்டது என்பதற்காக வழி சரியாகிவிடாது. அந்த வழியைப் பிள்ளை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நினைவில் வைத்திருக்கிறது. அடித்துப் படிப்பித்ததனால்தான் முன்னேறினோம் என்று நன்றியுடன் பேசுவோர் எந்த ஊரிலும் உண்டு. அடியை நினைத்துப் பேச முன்வராதவர்கள் எத்தனை பேர் என்பது அந்தப் பேச்சுகளில் ஒருபோதும் கணக்கில் வருவதில்லை.

அதே காலத்தில் பிரான்சில் ழான் விகோ எடுத்த 'ஸீரோ த கொந்துயித்', நடத்தைக்குச் சுழியம் என்று பொருள்படும் 1933ஆம் ஆண்டுப் படம், மறுதிசையைக் காட்டுகிறது. விடுதிப் பாடசாலையொன்றின் மாணவர்கள் தலையணைகளைக் கிழித்துப் பஞ்சும் இறகும் பறக்கக் கலகம் செய்து, பெருமக்கள் வந்திருந்த விழாநாளில் கூரைமேல் ஏறிப் பழைய பொருட்களை அவர்கள் மேல் எறிந்துவிட்டுப் போகின்றனர். அங்கே கேக் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெரியவர் எவரும் இல்லை. சாப்ளினைப் போல நடந்து காட்டி, மேசைமேல் தலைகீழாக நிற்கும் இளம் கண்காணிப்பாளர் ஒருவர் மட்டுமே பிள்ளைகளின் பக்கம் நிற்கிறார். பிரெஞ்சு அரசு இப்படத்தைத் தடைசெய்தது. 1934இல் இருபத்தொன்பது வயதில் இறந்த விகோ, போர் முடிந்த பின்னர் அது மக்கள் முன் மீண்டு வந்ததைக் காணவில்லை. அமெரிக்கப் படத்தின் பிள்ளை திரும்பி வருகிறான், பிரெஞ்சுப் படத்தின் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. திரும்பி வரத்தக்க இடமாகத் தன்னை வைத்திருந்த பெரியவர் உண்டா இல்லையா என்பதே இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

பெரியவரைச் சிறியவர் எள்ளிச் சிரிப்பதற்கு இடம் ஒதுக்கத் தெரியாத சமூகம் அல்ல மட்டக்களப்பு. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில், ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைப் பிணைத்து இழுத்து முறிக்கும். அப்போது ஒரு கட்சி மறுகட்சியை வசைப்பாடல்களால் வாயாரத் திட்டும், அந்தத் திட்டு விளையாட்டு முடிந்ததும் முடிந்துபோகும். மந்திரவாதிகளின் போட்டியைப் பொருளாகக் கொண்ட மகிடிக்கூத்தில் மந்திரமும் தந்திரமும் பகிடிக்கு உள்ளாகின்றன. இவற்றையெல்லாம் ஏற்பாடு செய்வோர் ஊரின் பெரியவர்களே என்பது கருதத்தக்கது. தாம் கேலிசெய்யப்படும் நேரத்தையும் களத்தையும் தாமே வகுத்துக்கொடுத்தவர்களின் மதிப்பு அதனால் குறையவில்லை. கோவில் வெளியில் இவ்வளவு நிதானம் காட்டிய சமூகம் பாடசாலைக்குள் அதைக் கொண்டுவரவில்லை. இதற்குக் காலனிய ஆட்சியை மட்டும் பொறுப்பாக்க இயலாது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில், மாணவனை உத்தரத்துக் கயிற்றைப் பற்றித் தொங்கவைக்கும் 'கோதண்டம்' போன்ற தண்டனைகள் நமக்கே உரியவையாக இருந்தன.

சட்டம் இதில் வெகுதூரம் வந்துவிட்டது. இலங்கைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில், அந்தச் செயல் சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. எனினும் பிரம்பு விலகிய இடத்தில் என்ன வரவேண்டும் என்பதைச் சுற்றறிக்கை சொல்லித்தர முடியாது. அடிக்க முடியாத ஆசிரியர் பிள்ளையை அவமானப்படுத்தும் சொல்லைத் தேடிக்கொண்டால் பிரம்பு நாக்குக்கு இடம் மாறியதாகவே ஆகும்.

படுவான்கரையில் இவ்விடயத்துக்குத் தனியான கனம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் நீடித்த போரிலும், 2007இன் முற்பகுதியில் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து வாவியைக் கடந்து முகாம்களில் தங்கியிருந்த நாள்களிலும், பிள்ளைகள் சத்தமின்றி இருக்கக் கற்றுக்கொண்டனர். அந்த அமைதியைக் கண்டு, எவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள் என்று வியக்கும் வருகையாளர் பெரும் தவறு செய்கிறார். பயந்த பிள்ளை குழப்படி செய்வதில்லை; அடுத்து நடப்பது என்னவென்று ஓரளவு தெரிந்த இடத்தில்தான், பிடிபட்டாலும் உலகம் இடிந்து விழாது என்ற நம்பிக்கை உள்ள இடத்தில்தான், எலியும் தும்மல் பொடியும் வகுப்புக்குள் வரும். போருக்குப் பிந்திய வகுப்பறையில் முதன்முதலாக யாரோ ஒரு பிள்ளை கரும்பலகையில் ஆசிரியரின் உருவத்தைக் கேலியாக வரைந்திருந்தால், அது நலம் திரும்புவதன் அறிகுறியாக வரவேற்கப்பட்டிருக்க வேண்டும்.

இதை உணர்ந்து செயற்பட்ட முயற்சி ஒன்று மட்டக்களப்பிலேயே உண்டு. இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே முற்றத்தில் கூட்டி, களிமண்ணும் வண்ணமும் கதையும் நாடகமும் கொடுத்து விளையாடவிட்டது. 1990இன் வன்செயல்களுக்குப் பின் இரு சமூகங்களும் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்த மாவட்டத்தில், மொழி ஒன்றாயினும் பாடசாலைகள் பெரும்பாலும் வேறுவேறாக இயங்கும் சூழலில், சேர்ந்து சேட்டை செய்யும் வாய்ப்பு சேர்ந்து பாடம் படிக்கும் வாய்ப்பைக் காட்டிலும் அரிதாக இருந்தது. 'அவர் கேங்' படங்களின் நிலையும் இதுவே. பல மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை என்று சட்டமே வகுத்திருந்த, அந்தப் பிரிவினையைச் செல்லாததாக்கிய 1954ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் வராத அமெரிக்காவில், அப்படங்கள் வெள்ளைப் பிள்ளையையும் கறுப்புப் பிள்ளையையும் ஒரே வாங்கில் அமர்த்தி ஒரே சதியில் பங்காளிகள் ஆக்கின. கறுப்பினப் பாத்திரங்களை அவை வரைந்த விதத்தில் அக்காலத்தின் இழிவான வார்ப்புகள் பல இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் கூடிச் சிரித்த அந்த வாங்கை அதற்காக மறந்துவிடவும் கூடாது.

குழப்படியைப் போற்றுவோர் ஓர் எல்லையில் நின்று பார்க்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவர் மீது நடத்தும் பகிடிவதை, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னும், விளையாட்டு என்ற பெயரைச் சொல்லியே தன்னை நியாயப்படுத்துகிறது. ஜாக்கியின் எலி, தன்னைவிட வலிமையுள்ளவரை நோக்கி விடப்பட்டது; பிடிபட்டால் நட்டம் அவனுக்கே. பகிடிவதை கீழ்நோக்கி இறங்குகிறது. அதில் நட்டம் முழுவதும் எதிர்க்கத் துணையற்றவருக்கு. வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலிசெய்பவனும் இந்த இரண்டாம் வகையையே சேர்வான், அவன் எவ்வளவு சிறியவனாயினும். ஆசிரியரின் கண்டிப்பு முழுவதும் அங்கே செலவாக வேண்டும். தம் நாற்காலியில் வைக்கப்பட்ட எறும்புக்காக அதை வீணாக்கியவரிடம் அங்கே செலவிட எதுவும் எஞ்சுவதில்லை.

இவ்வளவையும் ஓர் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது எளிது. வாவிக்கு அப்பாலிருந்து தினமும் வந்துபோகும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய, வகுப்பில் சத்தம் கேட்டால் அதிபர் எட்டிப்பார்ப்பார் என்ற நினைவோடு கற்பிக்கும் ஒருவருக்கு, கிராப்ட்ரீயின் அமைதி இயல்பாக வந்துவிடாது; அது பழகிப் பெறவேண்டிய தொழிற்திறன், பாடக்குறிப்பு எழுதுவதைப் போலவே கற்பிக்கப்பட வேண்டியது. தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் இளம் ஆசிரியர்களுக்கு அந்தப் பழைய படத்தைத் திரையிட்டு, சிறுவன் வண்டியில் அமர்ந்து தன் சதியைச் சொல்லி முடிக்கும் இடத்தில் நிறுத்தி, அடுத்த மணித்தியாலத்தில் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியை செய்ய வேண்டியது என்ன என்று அவரவர் எழுதிக் காட்டச் செய்யலாம்; எழுதியவற்றை ஒப்புநோக்கிய பின்னரே மீதிப் படத்தை ஓடவிடலாம்.