அமைதல் யாருக்கு?

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், 2-ஆம் அதிகாரத்தின் 11, 12 வசனங்கள் இரண்டிலும் ‘ஹெசுகியா’ என்ற கிரேக்கச் சொல் வருகிறது. பெண் எப்படியிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் இடம் அது. நம் பழைய தமிழ் வேதாகமம் அதை ‘அமைதல்’ என்று சரியாகவே தந்திருக்கிறது. ஆனால் அந்த அமைதல் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கிக் கமிட்டி அறைக்குள் நுழைவதற்குள், ‘பொம்பளைங்க பேசக் கூடாது’ என்று ஆகிவிடுகிறது.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், நாமெல்லோரும் அமைதலாக வாழ்வதற்காக ஆட்சியில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறார் பவுல். அங்கே வருவதும் இதே வேரில் பிறந்த சொல்தான். அதைக் கேட்டு ஆண்கள் யாரும் வாயை மூடிக்கொண்டதாகத் தெரியவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் இன்னும் தெளிவு. வேலை வெட்டியில்லாமல் அடுத்தவர் விவகாரத்தில் அலைந்தவர்களுக்கு, ஹெசுகியாவோடு உழைத்துத் தங்கள் சோற்றைத் தின்னும்படி 3:12-ல் புத்தி சொல்லப்படுகிறது. வடசென்னையில் எங்கள் மூலக்கொத்தளத்தில் இந்த வசனத்துக்கு விளக்கமே தேவையில்லை. ஹார்பருக்கும் எண்ணூருக்கும் ஷிப்டு பார்க்கப் போகிறவர்களுக்கு அது புரியும். அமைதலோடு உழைப்பதென்றால் அநியாயத்தைக் கண்டும் பேசாதிருப்பது என்று எடுத்துக்கொண்டால், பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் 1918-ல் வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோருடன் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியதே பாவமாகிவிடும். அப்படி எந்தப் போதகரும் சொல்லி நான் கேட்டதில்லை. உழைக்கிற ஆணுக்கு நிதானம் என்று பொருள்படுகிற சொல், கற்கிற பெண்ணுக்கு மட்டும் வாய்ப்பூட்டு ஆவானேன்?

பேச்சை நிறுத்தச் சொல்ல வேறு கிரேக்கச் சொல் இருக்கிறது: ‘சிகாவோ’. 1 கொரிந்தியர் 14-ல் அது மூன்று முறை வருகிறது. முதலில் அர்த்தம் சொல்ல ஆளில்லாமல் அந்நிய பாஷை பேசுகிறவருக்கு. அடுத்து, இன்னொருவருக்கு வெளிப்பாடு வரும்போது பேசிக்கொண்டிருப்பவருக்கு. மூன்றாவதுதான் பெண்களுக்கு. முதல் இரண்டும் அந்த நேரத்துக்கான கட்டளைகள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றாவதை மட்டும் ஆயுள் தண்டனையாக வாசிக்கிறார்கள். இத்தனைக்கும் 11-ஆம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாகவே பேசிச் செல்கிறார்.

தீமோத்தேயு நிருபத்தின் 12-ஆம் வசனம், உபதேசம்பண்ணப் பெண்ணுக்கு அனுமதியில்லை என்கிற பகுதி, என்னை இன்னும் உறுத்துகிறது. சொல்லாராய்ச்சியால் அதைக் கரைத்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. ஆனால் லூக்கா 23-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் எனக்குத் துணை நிற்கிறது. இயேசுவை அடக்கம் செய்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்பதற்கு லூக்கா எழுதும் வினைச்சொல் ஹெசுகியாவோடு பிறந்தது. ஓய்வுநாள் கழிந்து விடிந்ததும் கல்லறைக்குப் போனவர்கள் அவர்களே. சேதியை அப்போஸ்தலர்களிடம் வந்து சொன்னவர்களும் அவர்களே. ஆண்கள் அதை வீண்பேச்சு என்றார்கள். அந்த அமைதலிலிருந்து வந்ததுதான் அந்தப் பேச்சு.

பல வருடங்களுக்கு முன் ஒரு சபைக் கூட்டத்தில் கட்டட நிதிக் கணக்கைப் பற்றி அம்மா எழுந்து கேட்டார். தீமோத்தேயுவைச் சொல்லி உட்காரவைத்தார்கள். அம்மா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பட்ட பாடுதான் இந்தச் சொல்லைத் தேட வைத்தது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அடுப்படியில் தனக்குத்தானே அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வாய் மூடியிருந்தது. உள்ளே ஹெசுகியா மருந்துக்கும் இல்லை. கேட்டு முடிக்க விட்டிருந்தால் அமைதலோடு வீடு திரும்பியிருப்பார்.

உள்ளே அமைதல் உள்ளவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. எங்கள் மூலக்கொத்தளம் சுடுகாட்டில், 1939-ல் மொழிப்போரில் சிறைப்பட்டு உயிரிழந்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடங்களோடு டாக்டர் தருமாம்பாளின் நினைவிடமும் இருக்கிறது. சித்த மருத்துவர், கிறிஸ்தவர் அல்லர். 1938 நவம்பர் 13-ஆம் தேதி சென்னையில் பெண்கள் மாநாடு கூடியது. மறுநாளே இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து கைதான முதல் பெண்களில் அவரும் மூவலூர் இராமாமிர்தமும் இருந்தார்கள். கைக்குழந்தையோடு சிறை சென்றவர்களும் உண்டு. தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்கு நிகரான சம்பளம் கேட்டு ‘இழவு வாரம்’ அறிவித்தவரும் தருமாம்பாள்தான். உயிருள்ளவர்களின் உரிமைக்காகத் துக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும் துணிச்சல், கலங்கிய மனசுக்கு வராது என்று நினைக்கிறேன்.

சபைக்குள்ளோ மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் இதே சென்னையில் உருவானது. அதன் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்க 2013 ஆனது. எங்களைப் போன்ற சிறிய சபைகளுக்கு அந்த மாற்றம் வந்து சேர நாங்கள்தான் கேட்க வேண்டும். வரும் பெண்கள் ஞாயிறன்று தீமோத்தேயு நிருபப் பகுதியையும் தெசலோனிக்கேயர் பகுதியையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும் என்று ஆயரிடம் சொல்லியிருக்கிறேன். முன்னதை ஓர் ஆணும் பின்னதை ஒரு பெண்ணும் வாசிக்கட்டும். பிரசங்கத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்க அரை மணி நேரம் ஒதுக்கட்டும்.