விளைவிக்காத அரிசிக்கு நன்றி

பொங்கலை உழவர் திருநாள் என்கிறோம். அப்படியானால் மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் லயத்து வாசலில் தலைமுறை தலைமுறையாகப் பொங்கிய பானைக்கு என்ன பொருள்? அங்கே தை மாதத்தில் அறுவடை கிடையாது. மழை பெய்யாத விடியலெல்லாம் பால்மரம் வெட்டுதான். வெட்டிய பாலைத் தின்னவும் முடியாது. பானையில் விழுந்த அரிசி பெரும்பாலும் பர்மாவிலும் சயாமிலும் விளைந்து கப்பலில் வந்தது. கோலா பிலா, ரெம்பாவ் பள்ளத்தாக்குகளில் நெல் விளையாமல் இல்லை. ஆனால் அவை அடாட் பெர்பாத்தே வழக்கப்படி தாய்வழியில் இறங்கும் மினாங்கபாவ் குடும்பங்களின் வயல்கள். 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தபின், ஒதுக்கீட்டில் சேர்ந்த நிலத்தைத் தோட்டத் தொழிலாளி வாங்கவும் வழியில்லை. விதைக்காதவன் அறுவடைக்கு நன்றி சொல்வது ஊர் நினைவின் எச்சம், வெறும் சடங்கு என்று ஒருவர் வாதிட்டால் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனாலும், தமிழகத்தில் பொங்கல் வைத்தவரெல்லாம் தம் வயல் நெல்லையே பொங்கினார்கள் என்று அந்த வாதம் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கப்பலேறியவர்களில் பலர் தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு பக்கத்து நிலமற்ற கூலியாட்கள், பண்ணையாட்கள். உழுததும் அறுத்ததும் அடுத்தவர் வயல். கைக்கு வந்தது கூலி நெல். அங்கேயும் அவர்கள் பொங்கினார்கள். ஆகவே இந்த நன்றிக்கு உடைமை ஒருநாளும் அடிப்படையாக இருந்ததில்லை. தன்னால் உண்டாக்க முடியாததைத் தின்றே உயிர் வாழ்கிறோம் என்ற அறிவே அதன் வேர். மிராசுதாரும் மழையைச் செய்யவில்லைதான். களஞ்சியம் நிறைந்திருக்கையில் அவர் அதை மறக்கலாம், கடையில் பற்றெழுதி அரிசி வாங்குகிறவர் மறக்க முடியாது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசிக் கப்பல் நின்று மரவள்ளிக்கிழங்கே சோறானபோது, தோட்டமே அதை வயிற்றால் கற்றது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கிடைத்ததற்கு நன்றி சொல்லப் பழகியவன் கிடைக்காததைக் கேட்கமாட்டான், அது தோட்டத்துத் துரைக்குத்தான் லாபம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நிர்வாகம் கைகொடுத்ததில் கணக்கு இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் பானை பொங்கும்போது கும்பிடும் திசை சூரியன், துரை பங்களா அன்று. வெயிலுக்கும் மழைக்கும் பட்ட கடனில் முதலாளிக்குப் பங்கு எழுத வேண்டியதில்லை. 1941-இல் பக்கத்துச் சிலாங்கூரில், கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு, துரைமார் முன்னே சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையையும் சேர்த்துக் கேட்டார்கள். அவர்களும் பொங்கல் வைக்கிறவர்கள்தாம்.