உழைப்பின் எல்லை

புதிய பணியில் சேரும் ஒருவனை முதலில் எதிர்கொள்ளும் வினா ஊதியத்தைப் பற்றியதன்று; எந்த அளவுக்கு இணங்கிப் போவது என்பதைப் பற்றியது. கேட்டதற்கெல்லாம் தலையசைப்பது பணிவா, பலவீனமா? மறுத்துரைப்பது உரிமையா, நன்றி மறத்தலா? இவை சட்டத்தோடு முடிந்துவிடும் வினாக்கள் அல்ல, அறத்தைத் தொடுபவை.

கெடா மண்ணில் இவ்வினாக்களுக்கு ஆழமான வேர் உண்டு. பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் நின்று, பால்மரக் காட்டுக்குள் நடந்த தலைமுறைகளுக்கு வேலையும் வாழ்வும் வேறு வேறாக இருந்ததில்லை. குடியிருந்த லயம் தோட்டத்திற்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். 'துரை மனம் கோணாமல் நட' என்று பிள்ளைகளுக்கு அவர்கள் சொன்னது அடிமைப் புத்தியால் அன்று. குடும்பம் தெருவில் நிற்கக்கூடாதே என்ற அச்சத்தால். அச்சத்தில் பிறந்த அறிவுரை, அச்சத்தின் காரணம் மறைந்த பின்னும் வீட்டில் வாழ்கிறது. அலோர்ஸ்டாரை ஒட்டிய மெர்கோங் தொழிற்பேட்டையில் இன்று வேலைக்குச் சேரும் தோட்டத்துப் பிள்ளையின் செவியிலும் அது ஒலிக்கவே செய்யும்.

ஆயினும், முன்னோர் எல்லையே கோராதவர்கள் என்று எண்ணுவது பிழை. 1941ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலியோடு வேறு இரண்டும் இருந்தன. நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணிநேரம் உழைக்கும் முறை ஒழிய வேண்டும் என்பது ஒன்று. துரையையும் உத்தியோகத்தரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது நேரத்திற்கு இட்ட எல்லை. பின்னது மானத்திற்கு இட்ட எல்லை. இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

இன்று நாளுக்கு எட்டு மணிநேரம் என்ற வரம்பு 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வாரத்திற்கு 48 மணி என்றிருந்தது, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. ஆனால், சட்டம் கதவை மட்டுமே அமைத்துத் தரும். அதைச் சாத்தும் கை தொழிலாளியினுடையது.

புதியவன் ஒருவன், நற்பெயர் பெறும் ஆவலில், மணி முடிந்த பின்னும் கூலியின்றி நிற்கிறான். ஓய்வு நாளில் வரும் அழைப்புக்கும் ஓடுகிறான். முதல் மாதம் அது உதவி. அடுத்த மாதம் வழக்கம். ஆண்டு முடிவில் கடமை. இழப்பு அவனோடு நிற்பதில்லை. 'அவன் நிற்கிறானே, நீ ஏன் நிற்கவில்லை?' என்ற கேள்வி, வீட்டில் கைக்குழந்தையை விட்டுவந்த சகதொழிலாளியின் மேல் விழுகிறது. தன் நேரத்தைத் தானம் செய்வதாக எண்ணுபவன், பிறருடைய நேரத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறான். எல்லை காப்பது தன்னலம் என்பார் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு மறுபக்கமும் உண்டு. எட்டு மணிக்கு மேல் கேட்காதே என்பவன், அந்த எட்டு மணியையும் முழுமையாகத் தரவேண்டும். தொழில் கற்கும் காலத்தில் சற்றுக் கூடுதலாக முயல்வதும், நெருக்கடியில் தோள் கொடுப்பதும் பண்பே. கற்பதற்காக நிற்பது வேறு. அஞ்சி நிற்பது வேறு. அந்த வேறுபாட்டை நிற்பவனின் மனமே அறியும்.

மயிலிறகேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் உணர்த்தினார். வண்டி முறிந்தபின் பாரத்தைப் பழிப்பதினும், ஏற்றும்போதே அளவைச் சொல்வது நேர்மை. ஆகவே, முடியாததை முதல் வாரத்திலேயே, பணிவான சொல்லில், காரணத்தோடு கூறுவதே தக்கது. முடியும் என்று சொல்லிப் பின் தவறுவதைவிட அது முதலாளிக்கும் நன்மை தரும்.

மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்கள் வேலையை மறுக்கவில்லை. மறுநாள் விடியலில் மரம் வெட்டச் செல்லவும் அவர்கள் அணியமாகவே இருந்தார்கள். நிமிர்ந்து செல்ல வேண்டும் என்றே கேட்டார்கள். உழைப்புக்கு எல்லை வகுப்பவனும் அதையே கேட்கிறான்.