விதிவிலக்கின் இடம்

குறைந்த இடத்தில் நிறையச் சொல்வதே கலை என்ற நம்பிக்கை நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. கம்ப்யூட்டர் உலகில் இதற்குச் சாட்சியாகக் காட்டப்படுவது, 1981இல் பிரிட்டனில் வெளிவந்த ஸிங்க்ளேர் இஸட்எக்ஸ் 81 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் ஞாபகம் 1 கிலோபைட். அதாவது 1,024 எழுத்துகளுக்கான இடம். அதில் 125ஐ இயந்திரம் தன் சொந்த நிர்வாகத்துக்கு எடுத்துக்கொள்ளும். திரை முழுவதையும் நிரப்பினால் 793 போய்விடும். மிஞ்சுவது சுமார் 100.

ஞாபகம் என்ற சொல்லையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் இதில் எதுவும் தங்காது. சேமித்து வைக்கக் கேஸட் நாடா தனியே உண்டு. ஞாபகத்தைப் பெருக்க 16 கிலோபைட் பெட்டி ஒன்றைப் பின்புறம் செருகுவார்கள். அது சற்று ஆடினாலே தட்டியதெல்லாம் அழிந்துபோகும். ஆக, இந்த ஞாபகம் கடந்தகாலம் பற்றியது அல்ல. ஒரே சமயத்தில் எத்தனை விஷயங்களை முன்னால் நிறுத்திப் பார்க்க முடியும் என்பதன் அளவு. பெட்டியைச் செருகுகிறவன் விரிவுபடுத்துவது கவனத்தின் அகலத்தைத்தான்.

1982இல் டேவிட் ஹார்ன் என்பவர், பெட்டி செருகாத இந்த இயந்திரத்தில், 672 பைட்டில் சதுரங்கம் ஆடவைத்தார். அசாத்தியமான காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் விடநேர்ந்தவை எவை? ராஜா கோட்டை கட்டிக்கொள்வது. இரண்டு கட்டம் தாண்டும் சிப்பாயை எதிரிச் சிப்பாய் போகிற போக்கில் வெட்டுவது. கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் ராணியாவது. மூன்றும் விதிவிலக்குகள். இடம் நெருக்கும்போது விதி தங்கிவிடுகிறது, விதிவிலக்கு வெளியேறுகிறது. அந்த ஆட்டத்தில் சிப்பாய் கடைசிவரை சிப்பாய்தான்.

சிக்கனத்தை ஓர் அறமாகவே போற்றுவதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். கவிஞன் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்கிறான். விட்டதன் நஷ்டம் அவனுடையது. மனிதர்களோடு பழகும் இடத்தில் நான் விட்டுவிடுவதன் நஷ்டம் இன்னொருவனுடையது. வங்கிக் கவுண்ட்டரில் கை நடுங்கும் கிழவரின் கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகாது. பணம் கிடையாது என்ற விதி ஒரு வரியில் அடங்கிவிடும். இயலாதவர் கைநாட்டு வைக்கலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்ற விதிவிலக்கும் இருக்கிறது. அது பல வரி பிடிக்கும். வரிசை நீளும்போது குமாஸ்தாவின் மனதிலிருந்து முதலில் நழுவுவதும் அதுவே. அவன் கெட்டவன் அல்ல. அவனுக்கு அந்த நேரத்தில் இடமில்லை.

இடம் கூடினாலே கருணை வந்துவிடும் என்பதல்ல. 16 மடங்கு இடத்தை 16 மடங்கு விதிகளாலும் நிரப்பலாம். ஆனால் கருணைக்கு இடம் தேவை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். நெருக்கடியில் பிறந்த கச்சிதத்தைக் கண்டு வியப்பவன், கூடவே ஒன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது: வெளியே நிறுத்தப்பட்டது யார்?