டிராயரில் இருக்கும் பீஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார் என் நண்பர். அவருக்குத் தொழில் சொல்லித்தர ஒரு பெரியவர் கிடைத்தார். ஏதோ ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்து ரிட்டயர் ஆனவர். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கு வருவார், டீ குடிப்பார், ‘‘எப்படிப் போகுது தம்பி?’’ என்பார்.

‘‘சூப்பரா போகுது சார்!’’

ஆறு மாசம் இப்படியே ‘சூப்பராக’ப் போனது. ஒருநாள் பெரியவர் கேட்டார்: ‘‘ஏன் தம்பி, புது கஸ்டமருக்கு சாம்பிள் அனுப்பணும்னா எந்த பீஸை அனுப்புவே?’’

‘‘இருக்கறதுலயே நல்லதாப் பார்த்து அனுப்புவேன் சார்.’’

‘‘எனக்கும் அதைத்தான் அனுப்பிட்டிருக்கே. ரிஜெக்ட் ஆன பீஸெல்லாம் எங்கே?’’

நண்பர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். முடியவில்லை. மேஜை டிராயரைத் திறந்தார். நாலு மாச ஷெட் வாடகை பாக்கி, கஸ்டமர் திருப்பியனுப்பிய ஒரு லாட்டின் சலான், வீட்டுக்குத் தெரியாமல் வைத்த நகையின் அடகு ரசீது. எல்லாம் அங்கே தூங்கிக்கொண்டிருந்தன.

பேங்க் மேனேஜரிடம் இதை மறைத்தால் புரிந்துகொள்ளலாம். லோன் போய்விடும். பெரியவர் கடன் கொடுத்தவரும் இல்லை, பங்காளியும் இல்லை. டீயோடு சரி. அவரிடம் ஏன் மறைக்க வேண்டும்?

யோசித்தால் சங்கடமான பதில் வருகிறது. யார் நம்மை மதிக்கிறார்களோ, அவர்களிடம்தான் நாம் அதிகம் நடிக்கிறோம். ‘கெட்டிக்காரப் பையன்’ என்று அவர் போட்ட மார்க்கை இழக்க மனசு வருவதில்லை. மார்க் வாங்கவா அவரைத் தேடிப் போனோம்?

அந்த எஸ்டேட்டுக்கே ஒரு பழைய கதை உண்டு. ஆர்.வெங்கட்ராமன் 1957 முதல் 1967 வரை சென்னை மாநிலத் தொழில் அமைச்சராக இருந்தார். கிண்டியும் அம்பத்தூரும் தொழிற்பேட்டைகளாக உருவானது அந்தக் காலத்தில்தான். சின்ன முதலாளிக்கு இடம், கரண்ட், ரோடு கிடைத்தால் பிழைத்துக்கொள்வான் என்பது கணக்கு. பிறகு அவர் ஜனாதிபதியும் ஆனார். அவருடைய மகள் லட்சுமி வெங்கடேசன் 1992-ல் ‘பாரதீய யுவ சக்தி டிரஸ்ட்’ தொடங்கினார். பிரிட்டனில் அப்போதைய இளவரசர் சார்லஸின் அறக்கட்டளை செய்துவந்ததுதான் முன்மாதிரி. ஜாமீன் காட்ட சொத்தில்லாத இளைஞர்களுக்குத் தொழில் கடனுக்கு வழி செய்வார்கள். கூடவே, சம்பளம் வாங்காமல் வழிகாட்ட அனுபவஸ்தர் ஒருவரையும் சேர்த்துவிடுவார்கள்.

அப்பா காலத்தில் ஷெட். மகள் காலத்தில் பக்கத்திலேயே ஒரு ஆள். அடமானம் வைக்க நிலமோ வீடோ இல்லாதவன், அந்த ஆளிடம் எதை வைப்பது? உண்மையைத்தான். அவனிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான்.

இது ஒருவழிப் பாதை இல்லை. டிராயரைப் பார்த்த பெரியவர் திட்டவில்லை. தன் கதையைச் சொன்னார். துளையின் அளவு சரிதானா என்று பார்க்க ‘கேஜ்’ வைத்திருப்பார்கள். உள்ளே போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். ஒருமுறை அவருடைய கேஜ் தேய்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. தேறாத துளைக்குள்ளும் அது சமர்த்தாக நுழைந்தது. ஒரு லாட் முழுக்க வெளியே போய், தலைகுனிந்து திருப்பி எடுத்துவந்தார்களாம்.

‘‘எல்லாத்துக்கும் சரின்னு சொல்ற கேஜ், கேஜே இல்லை தம்பி. நானும் அப்படித் தேஞ்சு போயிருந்தா என்னை மாத்திடு’’ என்றாராம்.

தன் தோல்வியை முதலில் மேஜைமேல் வைப்பவரிடம் நம் தோல்வியை வைக்கக் கூச்சம் இருக்காது. அதற்காக, வருகிறவர்கள் எல்லோரிடமும் டிராயரைத் திறக்கவும் வேண்டாம். முதலில் சின்னதாக ஒரு கஷ்டத்தைச் சொல்லிப் பாருங்கள். திங்கள்கிழமை அது டீக்கடையில் உங்களுக்கே திரும்பி வந்தால், அவர் நல்ல மனிதராக இருக்கலாம். உங்கள் டிராயருக்கு ஆள் அவர் இல்லை.

நம்பிக்கை என்றால் சொன்னபடியெல்லாம் கேட்பது என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது. குருபக்தி நம் ரத்தத்தில் ஊறியது இல்லையா! ‘‘அந்தப் புது மெஷினை வித்துடு, கடனை அடை’’ என்றார் பெரியவர். நண்பருக்கு மனசு ஒப்பவில்லை. பழைய ஆளாக இருந்தால் ‘‘சரி சார்’’ என்று தலையாட்டிவிட்டு விற்காமல் இருந்திருப்பார். இந்த முறை, ‘‘விற்கப் போறதில்லை சார், காரணம் இதுதான்’’ என்று கணக்கு நோட்டோடு போய் நின்றார். பெரியவர் ஒரு மணி நேரம் நோட்டைப் பார்த்தார். கடைசியில், ‘‘எனக்கு இன்னும் சரியாப் படலை. ஆனா முடிவு உன்னோடது’’ என்றார்.

மரியாதைக்குத் தலையாட்டுவதைவிட, முகத்துக்கு நேரே மறுப்பதில்தான் நம்பிக்கை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெஷின் விஷயத்தில் யார் சரி என்பது இன்னும் முடிவாகவில்லை. வாடகை பாக்கி மட்டும் பாதியாகக் குறைந்திருக்கிறது. அடகு ரசீது விஷயத்தை வீட்டில் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு கிடைக்கவில்லை என்று கேள்வி. சனிக்கிழமை டீ தொடர்கிறது. ‘‘எப்படிப் போகுது தம்பி?’’ என்று இப்போது அவர் கேட்பதில்லை.

‘‘டிராயர்ல என்ன இருக்கு?’’ என்றுதான் கேட்கிறாராம்.

உங்கள் டிராயரில்?